ஊசி மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். வாடி நிற்கும் தக்காளிச் செடியைப் பிடுங்கினால் சில சமயம் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். பயறுச் செடி வேரில் இருக்குமே, அது வேறு, அது நன்மை செய்யும் பாக்டீரியாவின் வீடு. தக்காளி முடிச்சு நூற்புழுவின் வேலை.

வேருக்குள் நுழையும் குஞ்சுப்புழுவின் நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வாயில் உள்ளே துளையுள்ள ஓர் ஊசி. அதன் உறவான முட்டைக்கூடு நூற்புழு வேருக்குள் நுழைவதை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த அன்று, நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. உதட்டால் வேரைத் தடவிக்கொண்டே வந்தது, நின்றது. அப்புறம் குத்தத் தொடங்கியது. ஒரே குத்து அல்ல! ஒட்டி ஒட்டி, வரிசையாக. தபால்தலைகளைக் கிழிக்க வசதியாக வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அதே மாதிரி. துளைகள் சேர்ந்து பிளவானதும் தலையை நுழைத்து, அடுத்த செல்லின் சுவரில் மறுபடியும் குத்தியது.

ஆனால் ஊசி மட்டும் போதாது. செல் சுவரில் செல்லுலோஸ் இழைகள் கம்பி மாதிரி, பெக்டின் காரை மாதிரி. நாம் உடுத்தும் பருத்தி செல்லுலோஸ்தான். அதைச் செரிக்க மாட்டுக்கே வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உதவ வேண்டும். புழுவுக்கு யார் உதவுகிறார்கள்?

யாரும் இல்லை. செல்லுலோஸை வெட்டும் நொதிக்கான மரபணு புழுவுக்கே சொந்தம் என்று 1998இல் தெரியவந்தது. அந்த மரபணுவோ பாக்டீரியாவின் மரபணுவை ஒத்திருக்கிறது. எப்போதோ ஒரு மூதாதைப் புழு அதைப் பாக்டீரியாவிடமிருந்து பெற்றிருக்க வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை. பெற்றோரிடமிருந்து வராத சொத்து, பாருங்கள்!

பெக்டினைக் கரைக்கவும் தனி நொதி உண்டு. பழம் கனியும்போது இளகுவதும் பெக்டின் சிதைவதால்தான். இவையெல்லாம் சுரப்பிகளில் ஊறி, ஊசித் துளை வழியாக வேருக்குள் போகின்றன. அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், ஊசி மட்டும் போதாது.

2004இல் இன்னொன்றும் தெரிந்தது. செடி வளரும்போது தன் சுவரைத் தளர்த்திக்கொள்ளும் எக்ஸ்பான்சின் என்ற புரதத்தைப் புழுவும் சுரக்கிறது. அது இழைகளை வெட்டாது, அவற்றின் பிடியைத் தளர்த்திவிடும். இதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, பைன் மரத்தைப் பட்டுப்போக வைக்கும் நூற்புழுவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன் செல்லுலோஸ் நொதி மரபணு ஒத்திருப்பது பாக்டீரியாவை அல்ல, பூஞ்சையை. நன்றி, வணக்கம்.