நெத்திலிக்குத் தலை கிள்ளுகிற பையன்

வணக்கம் நேயர்களே. பதினெட்டு வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். அது என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் மாமியார் முந்திக்கொள்வார்: "பிள்ளைங்களுக்குச் சட்டை போடச் சொல்லிக் கொடுக்கறா." அதற்கு மேல் நான் விளக்குவதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. பள்ளிக்கூடத்தைப் பற்றி இல்லை. 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் இங்கே சிங்கப்பூரில் கட்டாயக் கல்வி வந்துவிட்டது. நான் கேட்பது வேறு: பள்ளிப் பேருந்து புளோக்குக்குக் கீழே இறக்கிவிட்ட பிறகு வீட்டில் என்ன நடக்கிறது?

தோ பாயோவில் ஒரு நாலறை வீடு. பையனுக்கு அப்போது பதினொரு வயது. அம்மா தலை வாரிவிடுவார், அப்பா ஷூ மாட்டிவிடுவார், பணிப்பெண் பையைத் தூக்குவார், பாட்டி ஊட்டிவிடுவார். "வீட்டில் இவன் என்ன வேலை செய்வான்?" என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாட்டிதான் வாயைத் திறந்தார்: "பாவம்மா புள்ள. அவனுக்கு என்ன தெரியும்?"

சொல்லும்போதே பாட்டி கீழே பேப்பரை விரித்துக் காய்ந்த நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். சம்பலுக்கு. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

ஏன் சந்தோஷம் என்று சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். உலக டவுன் சிண்ட்ரோம் தினத்தை மூன்றாம் மாதம் 21ஆம் தேதி வைத்திருப்பதும் அதனால்தான். தசை கொஞ்சம் தளர்ந்திருக்கும், மூட்டு இளகியிருக்கும், விரல் குட்டையாக இருக்கும். பொத்தான் போட வராததற்குச் சோம்பல் காரணமில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளுகிற பலம் வரவேண்டும். அதற்குக் கடையில் விலை கூடிய பொம்மையெல்லாம் விற்கிறார்கள். நெத்திலி ஈரச்சந்தையில் கிடைக்கிறது!

முதல் நாள் அரை மணி நேரத்தில் மூன்று மீன். மூன்றும் தூள். பாட்டி பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பையனுக்குக் கற்றுக்கொடுத்ததைவிடப் பாட்டியின் கையைப் பிடித்ததுதான் அங்கே நான் செய்த பெரிய வேலை.

பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். நாம் மூன்று எண்ணுவதற்குள் நாமே செய்துவிடுகிறோம். காதால் கேட்டது சீக்கிரம் நழுவிவிடும், கண்ணால் பார்த்தது நிற்கும். அதனால் செய்து காட்டுங்கள். பல் தேய்க்கிற படத்தைக் கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், பத்து வரை எண்ணுங்கள்.

இன்னொன்று, கடைசிப் படியிலிருந்து தொடங்குவது. டீ-சட்டையைத் தலை வழியாக நீங்களே போட்டுவிடுங்கள், கைகளையும் நுழைத்துவிடுங்கள். வயிற்றுக்கு மேல் சுருண்டு நிற்கிறதே, அதை இழுத்துவிடுவது மட்டும் அவன் வேலை. வேலை முடிகிற இடத்தில் அவன் கை இருக்கும், "போட்டுட்டேன்" என்பான். அடுத்து ஒரு கை, அப்புறம் இரண்டு கை, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் போகலாம்.

நெத்திலிக்கு வருகிறேன். ஏழெட்டு மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை போயிருந்தேன், பேச்சுவாக்கில் நானும் ஒரு மீனை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டான். "என் வேலை!" பாட்டி என்னைப் பார்த்து, "அவன் கிள்ளாம இந்த வீட்டுல சம்பல் கிடையாதும்மா" என்றார். பாவம் என்று சொன்ன அதே பாட்டிதான்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் ஒரு விரலைக் காட்டுகிறார். காசு கொடுப்பது, பேருந்தில் போவது, இவற்றுக்குத்தான் பாதி நேரம் ஒதுக்கியிருந்தேன், நெத்திலி சாப்பிட்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன்: உணவங்காடியில் மீதிச் சில்லறையை எண்ணத் தெரியவேண்டும் என்று காத்திருக்காதீர்கள், சரியான காசைக் கையில் கொடுத்துத் தேத்தண்ணி வாங்கிவரச் சொல்லுங்கள், நீங்கள் மேசையிலேயே இருங்கள். பேருந்தில் மணியை அவனே அழுத்தட்டும், ஒரு நிறுத்தம் தாண்டிப் போனாலும் நடந்து வந்துவிடலாம். அடுப்பு, கத்தியைப் பற்றிச் சொல்லவேயில்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.