தண்ணீரை மேலே ஏற்றுவது உங்கள் வாயா, வெளிக்காற்றா?

[திரையில்: ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய தண்ணீர். அதற்குள் ஒரு ஸ்ட்ரா.]

வணக்கம். இந்த டம்ளரில் இருக்கும் தண்ணீரை ஸ்ட்ரா வைத்துக் குடிக்கிறீர்கள். கீழே கிடந்த தண்ணீர் மேலே ஏறி வாய்க்குள் வருகிறது. அதை யார் மேலே கொண்டுவந்தது?

"நான்தான் இழுத்தேன்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தண்ணீரைப் பிடித்து இழுக்க உங்கள் வாய்க்குள் எதுவுமே இல்லை. வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரை ஸ்ட்ராவுக்குள் தள்ளி ஏற்றுகிறது. இன்றைக்கு இந்த ஒரு விஷயத்தைத்தான் பார்க்கப்போகிறோம். இது புரிந்துவிட்டால், காற்றழுத்தம் பாடத்தில் வரும் பல சோதனைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இருக்காது.

[திரையில்: காலியான வகுப்பறை. நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர்.]

காற்று எப்படித் தள்ளும்? அதற்கு எடையே இல்லாதது போலத்தானே இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. இந்த வகுப்பறையின் கன அளவு 8 பெருக்கல் 6 பெருக்கல் 3, அதாவது 144 கன மீட்டர். அப்படியானால் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 170 கிலோ. பெரியவர்கள் இரண்டு பேரின் எடைக்கும் மேல்!

ஓர் அறைக்குள்ளேயே இவ்வளவு என்றால், நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. அது மொத்தமும் கீழே இருக்கும் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கிறது. கடல் மட்டத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவு அழுத்தம். சதுர சென்டிமீட்டர் என்பது உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு இடம்தான்.

[திரையில்: விரித்த உள்ளங்கை. எல்லாப் பக்கங்களிலிருந்தும் அம்புக்குறிகள்.]

உங்கள் உள்ளங்கையின் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதன் மேல் சுமார் 60 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. பிறகு ஏன் கை கீழே போகவில்லை? காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. கைக்குக் கீழே இருக்கும் காற்றும் அதே அளவு மேல்நோக்கித் தள்ளுகிறது. பக்கவாட்டிலும் அப்படியே. காற்றின் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஓடி, எதிர்ப்படும் எல்லாவற்றின் மீதும் மோதுகின்றன. அந்த மோதல்கள்தான் அழுத்தம். நம் உடலுக்குள் இருக்கும் காற்றும் திரவங்களும் அதே அழுத்தத்தோடு வெளிநோக்கித் தள்ளுவதால் நாம் நசுங்குவதும் இல்லை.

இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்வரை காற்றழுத்தம் இருப்பதே தெரியாது. ஒரு பக்கம் குறைந்தால் மட்டுமே அதன் பலம் வெளியே தெரியும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் மீண்டும் உதவும்.

[திரையில்: டம்ளரும் ஸ்ட்ராவும். தண்ணீர் மட்டத்தின் மேல் கீழ்நோக்கிய அம்புகள்.]

சரி, ஸ்ட்ராவுக்கு வருவோம். குடிக்கும்போது நாக்கையும் தாடையையும் சற்றுக் கீழே இறக்கி வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்குகிறோம். உள்ளே இருந்த அதே காற்று இப்போது கூடுதல் இடத்தில் பரவுகிறது. அதனால் வாயிலும் ஸ்ட்ராவுக்குள்ளும் அழுத்தம் குறைகிறது. ஆனால் டம்ளரில் தெரியும் தண்ணீர்ப் பரப்பை வெளிக்காற்று முன்பு போலவே முழு பலத்தோடு அழுத்துகிறது. அங்கே அதிகம், இங்கே குறைவு. தண்ணீர் ஸ்ட்ராவுக்குள் ஏறுகிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள்.

[திரையில்: கண்ணாடிப் பாட்டில். வாய்ப்பகுதியில் ஸ்ட்ராவைச் சுற்றி களிமண் பூசப்பட்டிருக்கிறது.]

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்புங்கள். ஸ்ட்ராவை உள்ளே விட்டு, பாட்டிலின் வாயைக் களிமண்ணால் இடைவெளி இல்லாமல் அடைத்துவிடுங்கள். இப்போது குடிக்க முயன்றால் முதலில் கொஞ்சம் வரும். அப்புறம் எவ்வளவு முயன்றாலும் வராது. உங்கள் வாய்தான் இழுக்கிறது என்றால் அது ஏன் நின்றது? வாய் அதே வாய்தான், ஸ்ட்ராவும் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: வெளிக்காற்று உள்ளே போய்த் தண்ணீரை அழுத்த வழியில்லை. களிமண்ணில் ஒரு சிறு துளை போடுங்கள், தண்ணீர் தடையில்லாமல் வரும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் இதைச் செய்தால் பாட்டிலே உள்பக்கமாக ஒடுங்கும். அதை ஒடுக்குவதும் வெளிக்காற்றுதான்.

[திரையில்: சுமார் 10 மீட்டர் உயரக் குழாய். அடியில் தண்ணீர்த் தொட்டி.]

அடுத்த கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்ட்ரா மிக மிக நீளமாக இருந்தால்? மூன்று மாடி உயரத்துக்கு ஒரு ஸ்ட்ரா. வாய்க்குப் பதிலாக, உள்ளே இருக்கும் காற்றை முழுவதுமாக வெளியேற்றும் ஒரு பம்ப். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும்?

சுமார் 10 மீட்டர். அதற்கு மேல், எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும், மேலிருந்து உறிஞ்சி ஏற்ற முடியாது. ஆழமான கிணறுகளில் மோட்டாரை அடியில் இறக்கி, கீழிருந்து தண்ணீரைத் தள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த எல்லை 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தெரிந்திருந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. கலிலியோ இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மேலே கட்டித் தொங்கவிட்ட கயிறு மிக நீளமானால் தன் எடை தாங்காமல் அறுந்துவிடும் அல்லவா, தண்ணீரும் அப்படித்தான் என்பது அவர் கருத்து. கவனித்தீர்களா? தண்ணீர் மேலிருந்து இழுக்கப்படுகிறது என்றுதான் அவரும் எடுத்துக்கொண்டார்.

கலிலியோவின் கடைசி நாட்களில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் டொரிசெல்லி. அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கீழிருந்து காற்று தள்ளுகிறது என்றால்? காற்றின் அழுத்தத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்த அழுத்தம் எவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்குமோ அவ்வளவுதான் ஏறும்.

[திரையில்: ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாய், பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக.]

10 மீட்டர் குழாயை வைத்துச் சோதனை செய்வது கடினம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆகவே தண்ணீர் நிற்கும் உயரத்தில் 13.6-இல் ஒரு பங்கு உயரம்தான் பாதரசம் நிற்க வேண்டும். 1643-ஆம் ஆண்டு அந்தச் சோதனை நடந்தது. ஒரு முனை மூடிய நீளமான கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, திறந்த முனையை அடைத்தபடியே பாதரசக் கிண்ணத்துக்குள் தலைகீழாக நிறுத்தித் திறந்தார்கள். பாதரசம் கொஞ்சம் இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. 76-ஐ 13.6-ஆல் பெருக்குங்கள். 1,033 சென்டிமீட்டருக்கு மேல் வரும். பம்ப் செய்கிறவர்கள் முட்டிக்கொண்டு நின்ற அதே 10 மீட்டர்!

அந்தக் குழாய்தான் முதல் காற்றழுத்தமானி. மறுவருடம் எழுதிய கடிதம் ஒன்றில், நாம் காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று டொரிசெல்லி குறிப்பிட்டார். இந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம். பாதரசம் நஞ்சு, அதன் ஆவியும் கெடுதல்.

[திரையில்: ஒரு மலை. அடிவாரத்தில் ஒரு குழாய், உச்சியில் ஒரு குழாய்.]

கடலுக்குள் மேலே நீந்தி வர வர அழுத்தம் குறையும். டொரிசெல்லி சொன்னது சரி என்றால், மலை உச்சியிலும் காற்றழுத்தம் குறைய வேண்டும். பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் இப்படி யோசித்தார். அவருடைய அக்காவின் கணவர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று புய் டி டோம் என்ற மலையில் ஏறி அளந்து பார்த்தார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தாழ்ந்து நின்றது.

இதில் நான் மிகவும் மதிப்பது வேறு ஒன்றை. பெரியே கிளம்பும் முன் அடிவாரத்தில் இன்னொரு குழாயை அமைத்து, அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை நியமித்தார். அந்தக் குழாயில் மட்டம் மாறவே இல்லை. அது இல்லாவிட்டால், "அன்றைக்கு வானிலை மாறியிருக்கும், அதனால்தான் பாதரசம் இறங்கியது" என்று யாரும் சொல்லிவிடலாம். கீழே மாறவில்லை, மேலே மட்டும் மாறியது. ஆகவே காரணம் உயரம்தான். பள்ளியில் ஒரு சோதனை செய்யும்போது, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வை என்று ஆசிரியர் சொல்வது இதற்காகத்தான்.

[திரையில்: இரண்டு உலோக அரைக்கோளங்கள். இரு பக்கமும் குதிரைகள்.]

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஓட்டோ வான் கெரிக்கே செய்து காட்டியதை உங்கள் புத்தகத்தில் படமாகப் பார்த்திருப்பீர்கள். சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்தார். பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் கையாலேயே பிரிந்துவிடும். உள்ளே இருந்த வெற்றிடம் அவற்றைப் பிடித்து வைக்கவில்லை, வெளிக்காற்று இரண்டு பக்கமும் அமுக்கி வைத்தது. கணக்கிட்டால் அந்த விசை இரண்டு டன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

[திரையில்: தண்ணீர் ஊற்றிய தட்டு. நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. அருகில் ஒரு டம்ளர்.]

கடைசியாக, பல இடங்களில் தவறாக விளக்கப்படும் ஒரு சோதனை. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்துபோனது, அந்தக் காலி இடத்தைத் தண்ணீர் நிரப்பியது" என்று சொல்வார்கள். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம் என்பதையும் இதை வைத்து நிரூபித்துவிட்டதாகச் சொல்வார்கள்.

கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்றால், சுடர் எரிய எரியத் தண்ணீர் சீராக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பெரும்பகுதி, சுடர் அணைந்த பிறகுதான் வேகமாக ஏறுகிறது. மேலும், ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகி உள்ளேதான் இருக்கின்றன.

நடப்பது இதுதான். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போதே கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. விளிம்பில் குமிழ்கள் வருவதைக்கூடச் சில நேரம் பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்கிறது, நீராவியும் தண்ணீராக மாறுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. தட்டில் இருக்கும் தண்ணீரை வெளிக்காற்று டம்ளருக்குள் தள்ளுகிறது.

[திரையில்: அதே தட்டில் மூன்று மெழுகுவர்த்திகள்.]

இப்போது அதே டம்ளரில் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை வைத்துச் செய்யுங்கள். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லை. மூன்று முறை மூன்றை வைத்து, மூன்று முறை ஒன்றை வைத்துச் செய்து, தண்ணீர் ஏறிய உயரத்தை ஒவ்வொரு தடவையும் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். டம்ளரும் தட்டில் ஊற்றும் தண்ணீரின் அளவும் மாறாமல் இருக்கட்டும். மூன்று சுடர்கள் காற்றை அதிகம் சூடாக்கும். தண்ணீர் எந்த முறை அதிகம் ஏறியது, அது எந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று உங்கள் அளவுகளை வைத்து நீங்களே சொல்லுங்கள்.