மணி பார்த்துச் சாப்பிடுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். எடை குறைக்க வேண்டும் என்று உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் ‘என்ன சாப்பிடலாம்?’ என்றுதான் கேட்பார்கள். இப்போது ‘எப்போது சாப்பிடலாம்?’ என்று கேட்கிறார்கள். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், அதாவது இடைவெளி விட்டுப் பட்டினி இருப்பது, அந்த அளவுக்கு வீடுகளுக்குள் வந்துவிட்டது. 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு, மிச்சம் 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது ஒரு முறை. வாரத்தில் 5 நாள் வழக்கம்போல, 2 நாள் மிகக் குறைவாகச் சாப்பிடுவது இன்னொன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி இருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2020-இல் எடுத்த ஒரு கருத்தாய்வில், உணவு முறை என்று மக்கள் சொன்னவற்றில் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்குக்குத்தான் முதலிடம். பத்துப் பேரில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தார்.

ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது? அளந்து, எடைபோட்டு, கலோரி எழுதிவைத்துச் சாப்பிட்டு அலுத்துப்போனவர்கள் இவர்கள். இதில் அந்தத் தொல்லை கிடையாது. விலக்கவேண்டிய பண்டம் என்று எதுவும் இல்லை, தனியாகப் பொடி வாங்க வேண்டாம், காசு செலவில்லை. சாப்பிடும் நேரம் வந்துவிட்டதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. நாள் முழுக்கத் தனக்குள் மல்லுக்கட்டுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த கைபேசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரையில் பட்டினி நேரத்தைக் காட்டும் ஒரு வட்டம். இன்னும் கொஞ்சம் நிரம்பினால் சாப்பிடலாம். ‘டீயில் ரெண்டு சொட்டுப் பால் விட்டால் விரதம் போய்விடுமா?’ என்று கேட்டார். எல்லாரும் கேட்கிற கேள்விதான். அந்த வட்டம் நிரம்பிய பிறகு தட்டில் என்ன விழப்போகிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கடிகாரத்தின் மேல் இருக்கிற கவனம் தட்டின் மேல் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கஸ் பார்பியேரி. ஸ்காட்லாந்துக்காரர். 1965-இல் அவருக்கு 27 வயது, எடை சுமார் 207 கிலோ. டண்டீ நகர மருத்துவர்களிடம் போனார். கொஞ்ச நாள் பட்டினி என்றுதான் ஆரம்பித்தார்கள், அவரோ நிறுத்தவே இல்லை. 382 நாள்! தண்ணீர், டீ, காபி, வைட்டமின் மாத்திரை, ஈஸ்ட், இவ்வளவுதான். சுமார் 82 கிலோவுக்கு இறங்கினார். முடித்த அன்று ஒரு வேகவைத்த முட்டையும், வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டும் சாப்பிட்டார். 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் 90 கிலோவைத் தாண்டவில்லை. பட்டினியில் பிடிப்பு வந்தவர்கள் இந்தக் கதையை எப்படியோ கேள்விப்பட்டுவிடுகிறார்கள். ‘அவர் ஒரு வருஷம் இருந்தாரே, நான் ஒரு வேளை விட்டால் என்ன?’ என்கிறார்கள். கதையின் மறுபாதி அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. அவரை மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். இரத்தம், சிறுநீர் என்று சோதனைகள் நடந்துகொண்டே இருந்தன. இடையில் பொட்டாசியமும் சோடியமும் கொடுக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் இப்படி நீண்ட பட்டினிச் சிகிச்சையில் இருந்த வேறு சிலர் இறந்தும் போனார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதேபோல இன்னொன்று, ‘பட்டினிக்கு நோபல் பரிசு’ என்பது. 2016-இல் ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி பரிசு பெற்றது ஆட்டோஃபேஜிக்காக. செல் தன் பழைய பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிற விதத்தை ஈஸ்ட்டில் கண்டறிந்தார். எடை குறைப்புக்கும் அந்தப் பரிசுக்கும் சம்பந்தமில்லை.

சரி, எடை குறைகிறதா? குறைகிறது. முதல் வாரத்தில் குறைவதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போய்விடும். அந்த வாரத்து எடையைப் பார்த்துத்தான் பலருக்கு இதில் நம்பிக்கை பிறக்கிறது. மூன்றாம் வாரம் முள் நகராதபோது அந்த நம்பிக்கை உடைகிறது.

சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பிரிவினர் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடித்தார்கள், மற்றவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. முதல் பிரிவுக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 6.3. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான் என்றார்கள் ஆய்வாளர்கள். கடிகாரம் தானாகக் கொழுப்பைக் கரைப்பதில்லை. கடிகாரம் பார்க்கிறவர் குறைவாகச் சாப்பிடுகிறார், அதனால் எடை குறைகிறது. அப்படிக் குறைத்துச் சாப்பிட உங்களுக்கு இது சுலபமான வழியென்றால் தாராளமாக இருங்கள். சுலபமாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. சிகாகோவில் 100 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் முறையில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகினார்கள். தினமும் அளவாகச் சாப்பிட்டவர்களில் விலகியது 29 சதவீதம். தாக்குப்பிடித்தவர்தான் பக்கத்துவீட்டில் வந்து பெருமையாகச் சொல்கிறார். விலகியவர் பேசாமல் இருந்துவிடுகிறார். நம் காதுக்கு வருவதெல்லாம் ஜெயித்த கதை.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல நினைத்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 18 வயது ஆகாதவர்கள், சாப்பிடுவதே ஒரு மனப்போராட்டமாக இருந்து மீண்டவர்கள், இவர்களுக்கெல்லாம் இது வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும், திட்டுவார் என்று பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ‘காலைச் சாப்பாட்டை விடப்போகிறேன், இந்த மாத்திரையை என்ன செய்வது?’ என்று கேட்ட பிறகு தொடங்குங்கள். இடையில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி என்று பார்க்க வேண்டாம். உடனே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடியுங்கள். நன்றி, வணக்கம்.