நடுவில் நிற்கும் பறவைகள்

வணக்கம். இந்தக் காட்சியை இரண்டு முறை ஓட்டிக் காட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது புறாக்கள் இருக்கும், தரையில் தானியம் பொறுக்குகின்றன. வலது ஓரத்தில், கழுத்தில் வெள்ளைத் திட்டு உள்ள ஒன்றை மட்டும் கவனியுங்கள். என் காலடிச் சத்தம் கேட்டு எல்லாம் சடசடவென்று எழும்பிவிட்டன. இப்போது திரும்பி வருகின்றன. பார்த்தீர்களா? முதலில் தரையிறங்கியது அந்த வெள்ளைத் திட்டுதான். நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான்.

பறவைக் கூட்டம் என்றதும் ஒரே அச்சில் வார்த்த உயிர்கள் என்று நினைத்துவிடுகிறோம். 1986இல் கிரெய்க் ரேனால்ட்ஸ் என்ற கணினி வரைகலை நிபுணர் கணினியில் ஒரு பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் அவர் சொன்னது இவ்வளவுதான்: பக்கத்துப் பறவையோடு மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. மூன்றே விதிகள், ஆனால் திரையில் நிஜக் கூட்டம் போலவே வளைந்து நெளிந்து பறந்தது. அதில் எல்லாப் பறவைகளும் ஒன்றுபோல. காட்டில் அப்படி இல்லை.

பட்டாணிக் குருவி இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஐந்து செயற்கை மரங்கள் வைத்த ஓர் அறைக்குள் ஒவ்வொரு குருவியாகத் தனியே விட்டுப் பார்த்தார்கள். ஒன்று உள்ளே வந்த வேகத்தில் மரம் மரமாகத் தாவி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இன்னொன்று முதல் கிளையிலேயே உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நெடுநேரம் கழித்துத்தான் அடுத்த மரத்துக்கு நகரும். மறுபடி சோதித்தாலும் பெரும்பாலும் அதே குணம்தான். இந்தக் குணம் ஓரளவு குஞ்சுகளுக்கும் போகிறது.

இந்தக் குணங்கள் கூட்டத்துக்குள் போனால் என்ன ஆகும்? ஆக்ஸ்போர்டு அருகே வைதம் காட்டில் அதைத்தான் பார்த்தார்கள். குருவிகளின் கால் வளையத்தில் மிகச்சிறிய சிப், தீவனப் பெட்டிகளில் ஆண்டெனா. எந்தக் குருவி எந்தப் பெட்டிக்கு எப்போது வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். 2014இல் வெளிவந்த முடிவு என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. துணிச்சலான குருவிகள் கூட்டத்தின் விளிம்புக்குப் போய் இரை தேடின. தயங்கும் குருவிகள் நெரிசலான இடத்தை நாடி வந்தன, மற்றவற்றோடு அதிகம் ஒத்து நடந்தன. இரண்டு குணமும் கலந்திருப்பதால் கூட்டம் சிதறாமலேயே உள்ளுக்குள் நிறைய நகர்கிறது.

நான் இதுவரை விளிம்புப் பறவைகளையே படம்பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருப்பவை வெறும் கும்பல் என்று எண்ணியிருந்தேன். அது தவறு. ஒதுங்கி ஓடுபவை புது இரையைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் திரும்பி வருவதற்கு ஒரு கூட்டம் இருக்க வேண்டுமே! அந்தக் கூட்டத்தைக் கூட்டமாக வைத்திருப்பது தயங்கும் குருவிகள்தான். துணிச்சலான ஆண் குருவிகள் கூட்டம் விட்டுக் கூட்டம் மாறுகின்றன. பலரோடு பழக்கம் உண்டு, நெருக்கம் குறைவு.

அப்படியானால் முன்னால் போவதுதான் தலைவனா? பந்தயப் புறாக்களின் முதுகில் ஜிபிஎஸ் கட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தனியாகப் பறக்கும்போது வேகமாகப் பறந்தவைதான் கூட்டத்திலும் முன்னால் போயின. வழி நன்றாகத் தெரிந்ததால் முன்னே போகவில்லை. முன்னே போனதால்தான் பிறகு வழியை மற்றவற்றைவிட நன்றாகக் கற்றுக்கொண்டன.

துணிச்சல் அவ்வளவு நல்லதென்றால் பயந்த குருவிகள் ஏன் இன்னும் இருக்கின்றன என்று கேட்பீர்கள். குளிர்காலத்தில் பீச் (beech) என்ற காட்டு மரத்தின் விதை ஏராளமாகக் கிடைக்கும் ஆண்டும் உண்டு, கிடைக்காத ஆண்டும் உண்டு. எந்தக் குணம் பிழைக்கிறது என்பது அதைப் பொறுத்து மாறுகிறது. ஆணுக்குச் சாதகமான குணம் அதே ஆண்டில் பெண்ணுக்குப் பாதகமாகவும் முடிகிறது. எனவே இரண்டு குணமும் அழியாமல் நிற்கின்றன.

இப்போது காட்சியை மறுபடி ஓட்டுகிறேன். வெள்ளைத் திட்டை விட்டுவிடுங்கள். நடுவில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும் அந்த ஐந்து புறாக்களைப் பாருங்கள். எல்லாம் எழும்பிப் பறந்து, திரும்பி வந்து இறங்கிய பிறகும், அதோ, அதே ஐந்தும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன.