ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு குடுவைகளில் இரண்டு கரைசல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 4; மற்றதன் பி.எச். 6. இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். முதல் கரைசலில் அமிலத்தன்மை எத்தனை மடங்கு அதிகம்? வேதியியல் படித்தவர்கள்கூட இந்தக் கேள்விக்குச் சற்றுத் தயங்குவார்கள். விடை, நூறு மடங்கு. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையிலும் மண் பரிசோதனை அட்டையிலும் நாம் பார்க்கும் இந்தச் சிறிய எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தூய நீரிலிருந்து தொடங்கலாம். நீர் மூலக்கூறுகளில் மிகச் சில, தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை, அதாவது மின்னூட்டம் கொண்ட ஹைட்ரஜனை, பக்கத்து மூலக்கூறிடம் கொடுத்துவிட்டு ஹைட்ராக்சைடு அயனியாக நிற்கின்றன. 25 டிகிரி செல்சியசில், எந்த நொடியில் பார்த்தாலும், சுமார் 55 கோடி மூலக்கூறுகளில் ஒன்றுதான் இப்படிப் பிரிந்திருக்கும். அதாவது ஒரு லிட்டர் நீரில் ஹைட்ரஜன் அயனி, ஒரு மோலில் (துகள்களை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) கோடியில் ஒரு பங்கு; 10⁻⁷. அந்த 7தான் நடுநிலை நீரின் பி.எச்.

நீரில் அமிலத்தைச் சேர்த்தால் ஹைட்ரஜன் அயனி பெருகும், ஹைட்ராக்சைடு குறையும். காரத்தைச் சேர்த்தால் நேர்மாறாக நடக்கும். ஆனால் இரண்டின் செறிவுகளையும் பெருக்கினால் அதே வெப்பநிலையில் எப்போதும் 10⁻¹⁴தான் வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடனின் அர்ஹீனியஸ், நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்று வரையறுத்தார். அதில் ஓர் இடறல் இருந்தது. அம்மோனியாவின் மூலக்கூறில் ஹைட்ராக்சைடே கிடையாது. ஆனாலும் அது காரம். 1923இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே அதைச் சரிசெய்தார்கள். புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். எனக்கு மிகவும் பிடித்த வரையறை இது, ஏனென்றால் கொடுப்பவர் இருந்தால் வாங்குபவரும் இருந்தாக வேண்டும். அமிலத்தைத் தனியாகப் பேச முடியாது என்பதை இது முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது.

பி.எச். அளவு 1909இல் பிறந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன், நொதியின் வேகம் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்து மாறுவதைக் கவனித்தார். 0.0001, 0.0000001 என்று சுழியங்களை எழுதிக்கொண்டிருப்பது தொல்லை. ஆகவே பத்தின் அடுக்கை மட்டும் எடுத்து, அதன் குறைக்குறியை நீக்கி, ஒரு எண்ணாக்கினார். கணக்கில் சொன்னால், செறிவின் எதிர்க்குறி மடக்கை. ஒரு படி இறங்கினால் அயனி பத்து மடங்கு கூடும்.

வசதிதான், ஆனால் மடக்கை நம் கண்ணை ஏமாற்றும். பி.எச். 3 உள்ள வலிமை மிகு அமிலத்தையும் பி.எச். 5 உள்ளதையும் சம அளவில் கலந்தால் என்ன வரும்? 4 என்று சொல்லத் தோன்றும். வருவது 3.3. முதலாவதில் இருக்கும் அயனிகளுக்கு முன்னால் இரண்டாவதில் இருப்பவை கணக்கிலேயே சேராது. அது ஏறக்குறைய வெறும் நீரைப் போல நீர்த்துப்போகச் செய்கிறது, அவ்வளவுதான். பி.எச். அளவீடுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அதேபோல், பி.எச். 6 உள்ள அமிலத்தை நூறு மடங்கு நீர் ஊற்றி நீர்த்தால் 8 வராது. 7ஐ நெருங்கி, அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். நீர் சேர்த்து அமிலத்தைக் காரமாக்க முடியாது.

அந்த 7கூட மாறாத எண் அல்ல. 100 டிகிரியில் தூய நீரின் பி.எச். சுமார் 6.1. அப்போதும் அது நடுநிலைதான், இரு அயனிகளும் சமமாகவே இருக்கின்றன.

இனி இந்த எண் சொல்லாதவை. லிட்டருக்கு 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 1. அதே செறிவில் அசிட்டிக் அமிலத்துக்குச் சுமார் 2.9, ஏனென்றால் அதில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலான மூலக்கூறுகளே அயனியாகின்றன. ஆனால் இரண்டையும் நடுநிலையாக்க ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடுதான் தேவை! விடுபட்ட அயனியைக் காரம் எடுக்க எடுக்க, மீதமுள்ள மூலக்கூறுகள் புதிதாக விட்டுக்கொடுக்கும். பி.எச். காட்டுவது இப்போது வெளியே நிற்கும் அயனியை மட்டுமே. உள்ளிருக்கும் இருப்பை அல்ல.

ஆபத்தையும் அது முழுதாகச் சொல்லாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், வகைப்பாட்டில் வலிமை குறைந்த அமிலம். ஆனால் தோலைக் கடந்து உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு உயிரையே பறிக்கக்கூடியது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமிலம் என்றால் நமக்கு இருக்கும் அச்சம் காரத்திடம் இல்லை. அடர் சோடியம் ஹைட்ராக்சைடு கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே திசுவுக்குள் ஊடுருவும். கண்ணில் பட்டால் பல அமிலங்களைவிட ஆழமாகப் புண்ணாக்கும். இவற்றில் எது பட்டாலும் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும், மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றுக்கு மாற்றாக மற்றதை ஊற்றவே கூடாது.

நம் இரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்கிறது. இது 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் 0.3தானே என்று தோன்றலாம். மடக்கையில் 0.3 குறைவதென்றால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். உயிருக்கு ஆபத்தான நிலை. அப்படி ஆகாமல், பி.எச். சட்டென மாறாதபடி தாங்கிக்கொள்ளும் பைகார்பனேட் தாங்கல் அமைப்பு காக்கிறது. மிகுந்த அமிலத்தைப் பைகார்பனேட் வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக மாற்ற, நுரையீரல் அதை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் மெதுவாக மீதியைச் சரிசெய்கிறது.

கடலும் இப்படிப்பட்ட தாங்கல் அமைப்புதான். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த அதன் மேற்பரப்பு பி.எச். இப்போது சுமார் 8.1. கடல் இன்னும் காரப் பக்கம்தானே, 0.1தானே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த 0.1க்குள் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. நாம் எரிக்கும் எரிபொருளின் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாகி, கார்பனேட் அயனியைப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. பவளமும் சிப்பியும் ஓடு கட்டுவதற்கு வேண்டியது அந்தக் கார்பனேட்தான்.