பழைய பலகை அடுப்புக்கு ஆகுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு விறகடுப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். வீவக அடுக்குமாடி வீட்டில் கேஸ் அடுப்பு, இல்லாவிட்டால் மின் அடுப்பு. நியாயம்தான். ஆனால் சுங்கை காடுட் பக்கம் மரக்கிடங்கு வேலையிலேயே காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒரே கேள்வி மூன்று திக்கிலிருந்து என்னைத் தேடி வருகிறது.

தை பிறக்கப் போகிறது என்றால் சமூக மன்றத் தொண்டூழியர்கள் வருவார்கள். "அண்ணே, கிடங்கில துண்டுக் கட்டை கிடந்தா வாங்கித் தாங்க, பொங்கலுக்கு அடுப்பு மூட்டணும்." ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பார்பிகியூ போடும் பிள்ளைகளுக்குக் கரி தீர்ந்துபோனால் கண்ணில் படுகிற கட்டையெல்லாம் விறகுதான். மூன்றாவது, மெல்பர்னுக்கும் பெர்த்துக்கும் குடிபோன நம் பிள்ளைகள். அங்கே ஜூன், ஜூலையில் நல்ல குளிர். கூடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு இருக்கிறது, கொல்லையில் பிரித்துப் போட்ட வேலிப் பலகை இருக்கிறது. விறகு விலையோ ஏறிக்கொண்டே போகிறது. "சும்மாதானே கிடக்கு மாமா, எரிச்சா என்ன?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள்.

எரிக்கலாம், எரிக்கக் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. மரம் என்ன மரம் என்பதைவிட, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் அதற்குள் எதை ஏற்றினார்கள், மேலே எதைப் பூசினார்கள், எதை வைத்து ஒட்டினார்கள் என்பதுதான் முக்கியம். அந்த வரலாறு தெரியாத பலகையை நான் அடுப்பில் வைக்க மாட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தச்சுப் பட்டறையில் மேசைக்கோ கதவுக்கோ அறுத்து மிஞ்சிய முழுமரத் துண்டு, பெயின்ட், வார்னிஷ், பசை எதுவும் படாதது, தாராளமாக எரிக்கலாம். சூளையில் உலர்த்திய மரமாக இருந்தால் ஈரம் மிகக் குறைவு. விறகில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். இது அதைவிடக் காய்ந்திருக்கும். அதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. சின்னச் சின்னக் காய்ந்த துண்டுகளை அடுப்பு நிறையத் திணித்தால் குப்பென்று பற்றி, இரும்பு பழுக்கிற அளவுக்குச் சூடேறிவிடும். புகைபோக்கிக்குள் பழைய தார்ப்படிவு இருந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். ஆகவே தீ மூட்டுவதற்கு நாலு துண்டு, அப்புறம் பெரிய விறகு.

இனி கெட்டதுக்கு வருவோம். இதில் நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மண்ணில் ஊன்றும் கம்பமும் மழையில் நிற்கும் வேலியும் கறையானுக்கும் பூஞ்சைக்கும் தப்ப வேண்டும். அதற்காக நீளமான இரும்புக் கலனுக்குள் கட்டைகளை அடுக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்துக் கரைசலை அழுத்தத்தோடு ஏற்றுவார்கள். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கப் பயன்பட்ட கரைசலில் மூன்று சரக்கு: செம்பு, குரோமியம், ஆர்செனிக். மரத் தொழிலில் சிசிஏ என்பார்கள். புதிதாக இருக்கும்போது லேசான பச்சை நிறம் தெரியும். சில வருடம் வெயிலில் கிடந்தால் வெளுத்துச் சாம்பல் நிறமாகி, மற்ற பழைய பலகை மாதிரியே ஆகிவிடும். அதனால் மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்பத்தின் அறுத்த முனையைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிப் பச்சை வளையமும் நடுவில் மரத்தின் சொந்த நிறமும் தெரிந்தால், மருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது கண்ணுக்கு நேராக நிற்கும். வளையம் தெரியவில்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. நடு மரம் வரைக்கும் மருந்து ஏறிய கட்டைகளும் உண்டு.

ஆர்செனிக் ஒரு தனிமம். நெருப்பு மரத்தைச் சாப்பிடும், ஆர்செனிக்கைச் சாப்பிடாது. ஒரு பங்கு புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராமப்புறக் குடும்பம் ஒன்று இப்படி மருந்தேற்றிய பிளைவுட் துண்டுகளை வீட்டு அடுப்பில் எரித்து வந்தது. எட்டுப் பேர். குளிர்காலம் வந்தால் தோல் தடிப்பு, மூச்சுக் கோளாறு, நரம்புத் தொல்லை, முடி கொட்டுதல். அந்தக் காலம் போனால் குறையும். மூன்று ஆண்டுகள் இதே கதை. தலைமுடியிலும் நகத்திலும் ஆர்செனிக் இருப்பதைக் கண்டபிறகுதான் குற்றவாளி அடுப்பு என்று தெரிந்தது. 1984இல் மருத்துவ இதழில் இது பதிவாகியிருக்கிறது. குளிருக்குத் தப்ப மூட்டிய நெருப்பே அந்தக் காலத்து நோயாக இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இந்த மரத்தைச் செய்வதை 2003 முடிவில் நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் 2006இல் வீட்டு மரத்தளம், விளையாட்டுத் திடல், வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் மேசை போன்றவற்றுக்குத் தடை வந்தது. ஆனால் வேலி அந்தத் தடையில் சேரவில்லை, முன்பு நட்ட வேலியும் இன்னும் நிற்கிறது. இன்றைக்கு நம் பிள்ளைகள் பிரித்துப் போடுவது அந்த வேலியைத்தான்.

நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் சாம்பல். பாத்திரம் துலக்கச் சாம்பல், கத்தரிச் செடிக்குச் சாம்பல், முருங்கைக்கும் சாம்பல் என்று நம் பாட்டிமார் அள்ளிப் போட்டார்கள். அவர்கள் எரித்தது வேப்பங்குச்சியும் தென்னை மட்டையும். மருந்தேற்றிய கட்டையின் சாம்பலில் ஆர்செனிக், குரோமியம், செம்பு மூன்றும் சேர்ந்து எடையில் 10 விழுக்காடு வரை இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். காட்டுத் தீயில் வெந்த வேலிக் கம்பங்களின் சாம்பலை நக்கிய மாடுகள் செத்திருக்கின்றன. அதைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

பிளைவுட், மரச்சீவலை ஒட்டிய சிப்போர்டு, மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் இவற்றுக்கு அதிகம் பேச வேண்டாம். விளிம்பைப் பார்த்தாலே பிளைவுட்டின் அடுக்குகள் தெரியும். சிப்போர்டு பொருக்குப் பொருக்காக உதிரும். பெரும்பாலானவை ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் கலந்த பசையில் ஒட்டியவை. நம் வீட்டுச் சமையலறை அலமாரிகள் பெரும்பாலும் இந்த ரகம். மேலே லேமினேட், ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை. வீட்டைப் புதுப்பிக்கும்போது கழற்றுவதைப் புதுப்பிப்புக் குத்தகையாளரே எடுத்துப் போகட்டும். பழைய கதவு, சன்னல் சட்டங்களில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கக்கூடும், அதையும் ஒதுக்குங்கள். கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் ஊற்றிய பலகையில் எண்ணெய் ஏறியிருக்கும். கடலோரம் ஒதுங்கிய கட்டை பார்க்க அழகு, ஆனால் உள்ளே உப்பு. உப்பு எரிந்தால் அடுப்பு இரும்பும் அரிக்கும், டையாக்சின் போன்ற நச்சும் உண்டாகும்.

பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, அதன் கட்டைக்கு வருகிறேன். பொங்கல் ஏற்பாட்டுக்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கப்பலில் வந்த சரக்கை வைத்த பேலட் என்றால், பக்கவாட்டில் ஒரு முத்திரை இருக்கும். ஒரு தானியக் கதிர் சின்னம், நாட்டுக் குறியீடாக இரண்டு எழுத்து, கூடவே எண்களும் சிகிச்சைக் குறியும். பூச்சிகள் மரத்தோடு நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. குறி எச், டி (HT) என்று இருந்தால் வெப்பச் சிகிச்சை: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்கிறது. வெறும் சூடு, மருந்து இல்லை. எம், பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள்.

எச், டி பார்த்ததும் கைதட்டிவிட வேண்டாம். முத்திரை மரத்துக்குச் செய்ததைச் சொல்கிறது, அதன்மேல் என்ன கொட்டியது என்பதைச் சொல்வதில்லை. ரசாயனப் பீப்பாய் ஒழுகியிருக்கலாம், பூச்சிமருந்து மூட்டை கிழிந்திருக்கலாம். கறை இருந்தாலோ மண்ணெண்ணெய் வாசம் போல் ஏதாவது அடித்தாலோ ஒதுக்கிவிடுவேன். நீலப் பெயின்ட் அடித்த பேலட்டுகள் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து, அவற்றை எடுப்பதே தவறு. ஆணி வேறு இருக்கிறது. சாம்பலில் கிடக்கும் துருப்பிடித்த ஆணி அடுத்த நாள் சுத்தம் செய்பவர் காலில் குத்தும்.

பொங்கல் பானைக்கு விஷயம் இன்னும் கண்டிப்பு. திறந்த பானை, அருகில் குனிந்து ஊதும் அக்காமார், சுற்றிலும் குழந்தைகள். புகை நேராக முகத்திலும் சோற்றிலும் படும். அதனால் பேலட்டே வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன். விறகென்றே விற்கும் விறகை வாங்குங்கள். சிங்கப்பூரில் கண்ட இடத்தில் திறந்த வெளியில் எரிக்கச் சட்டம் அனுமதிக்காது. அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. சுத்தமான விறகானாலும் புகை புகைதான். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது நாம் முகக்கவசம் தேடி அலைந்தோமே, அன்று நம்மேல் கவிந்ததும் மரமும் கரிநிலமும் எரிந்த புகைதானே.

"அப்போ துவாஸ் குப்பை எரிஆலையில் எரிக்கிறார்களே?" என்று ஒரு தம்பி மடக்கினார். நல்ல கேள்வி. அங்கே உலை 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை எரிகிறது, வெளியேறும் புகையை வடிகட்டிச் சுத்தம் செய்கிறார்கள், சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. கரையோரப் பூந்தோட்டங்களில்கூட நகரத்து மரக்கிளைக் கழிவை எரித்துத்தான் குளிர்ச்சிக்கு வேண்டிய சக்தியை எடுக்கிறார்கள். அங்கே நிற்கும் சூப்பர்ட்ரீ என்ற உயரமான செயற்கை மரங்கள் சிலவற்றின் உள்ளேதான் புகைபோக்கி. உங்கள் கூடத்து அடுப்பில் அந்தச் சூடும் இல்லை, அந்த வடிகட்டியும் இல்லை.

மெல்பர்னில் இருக்கும் என் அக்கா மகளுக்கு நான் சொன்னது இதுதான்: வேலிப் பலகையை வெட்டாதே, அறுக்காதே, தூளே ஆபத்து. கையுறை போட்டுக் கட்டி, உங்கள் ஊர் மன்றத்தில் மருந்தேற்றிய மரத்தை எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கொண்டுபோய்க் கொடு. ஏற்கெனவே எரித்திருந்தால் சாம்பலை நனைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடு, தோட்டத்துக்குக் கொண்டுபோகாதே.

நேயர்கள் யாராவது பேலட் முத்திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் நிலையத்துக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.