அப்பத்தா படத்திறப்புல பேசினது

எல்லாருக்கும் வணக்கம். வேலைவெட்டிய போட்டுட்டு வந்த சொந்தபந்தம் எல்லாருக்கும் நன்றி. எழுதிட்டு வந்த பேப்பர் இப்ப கண்ணுல தெரிய மாட்டேங்குது, அதனால மனசுல இருக்கறத சொல்றேன்.

முன்னாடி பேசுனவங்க அப்பத்தா பட்ட கஷ்டத்தை சொன்னீங்க. உண்மைதான். ஆனா கஷ்டத்தை மட்டும் பேசி அவங்கள அனுப்பி வைக்க எனக்கு மனசு வரல. நாப்பது வயசுக்கு மேல எழுத்தும் சைக்கிளும் கத்துக்கிட்ட மனுஷி அவங்க, அத சொல்லத்தான் எந்திரிச்சேன்.

1991ல நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல, படிக்காத பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுக்குற அறிவொளி இயக்கம் வந்துச்சு, ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்த காலம். அதுவரைக்கும் அப்பத்தா கைநாட்டு. ராத்திரி சோறாக்கி எல்லாருக்கும் போட்டுட்டு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல போய் உக்காந்து எழுதி பழகுனாங்க. எழுத்தோட சேத்து பொம்பளைங்கள சைக்கிளும் கத்துக்க சொன்னாங்க. வாடகை சைக்கிள், அதுவும் ஆம்பளைங்க ஓட்டுற பார் வச்ச சைக்கிள், சேலைய இழுத்து சொருகிட்டு அரைபெடல்ல ஆரம்பிச்சு, விழுந்து முட்டியெல்லாம் சிராய்ச்சு, ரோட்டுல நின்னு பேசுனவங்க பேச்செல்லாம் கேட்டுக்கிட்டே ஓட்டிட்டாங்க. 1992 மகளிர் தினத்துக்கு புதுக்கோட்டை டவுனுல 1500 பொம்பளைங்களுக்கு மேல மணியடிச்சுக்கிட்டு சைக்கிள்ல போனாங்கள்ல, அதுல எங்க அப்பத்தாவும் ஒருத்தி. இத சொல்றப்ப எனக்கு இப்பவும் ஒடம்பு சிலிர்க்குது.

அப்புறம் சொந்தமா வாங்குனதும் பார் வச்ச சைக்கிள்தான், ஏன்னா பார்ல துண்ட சுத்தி என்னைய உக்கார வைக்கலாம். பின்னாடி கேரியர்ல மல்லிப்பூ மூட்டை. விடியுறதுக்கு முன்னாடி பறிச்ச பூவ கீரமங்கலம் கொண்டு போகணும், பஸ்ஸுக்கு நின்னா பூ மலந்துரும், வெலை போயிரும். ஒருநாள் ஒரு கடையில எடைய கொறச்சு சீட்டு எழுதி குடுத்துட்டாங்க. அப்பத்தா சத்தம் போடல. சீட்ட நின்ன எடத்துலயே எழுத்து கூட்டி படிச்சாங்க, திருப்பி நீட்டி "தம்பி, இதுல அரைக்கிலோ காணோம்பா"ன்னாங்க. கடைக்காரரு பேசாம திருத்தி குடுத்தாரு. நான் அப்ப பொடுசு, ஆனா அந்த சீட்ட மடிச்சு சுருக்குப்பையில வச்ச கை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு.

2018 நவம்பர் 16, கஜா புயல். பெத்த புள்ளை மாதிரி வளத்த தென்னையும் பலாவும் ஒரே ராத்திரில சாஞ்சு கெடந்துச்சு, நாங்கெல்லாம் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டோம். அப்பத்தா மட்டும் நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குள்ள போனாங்க. கெணத்தடி பலா, வேலியோர தென்னைன்னு ஒவ்வொரு மரமா, எடத்தை சொல்லி, அத வச்சது யாருன்னும் எழுதுனாங்க. தாத்தா வச்ச மரத்துக்கு நேரா மட்டும் மை கலங்கி இருக்கு.

அந்த நோட்ட படத்துக்கு பக்கத்துல வச்சிருக்கேன். உங்க வீட்டு அய்யாவும் அப்பத்தாவும் கன்னு குடுத்த மரம் எதுன்னுகூட அதுல இருக்கு. சாப்பிட்டு கை கழுவிட்டு எடுத்து பாருங்க.